மறிச்சான்கோட்டைத் திட்டிவாசல்

"உள்ளே எதுவும் வரக் கூடாது தாயே. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

கேட்டவர் கோமதிநாயகம். வயது அறுபதை நெருங்குகிறது. பருத்தி வியாபாரத்தை விட்டுவிட்டு மடத்துக்கு வந்தவர்.

கேட்கப்பட்டவள் உலகம்மை. அவரைவிட வயதில் ரொம்ப இளையவள். மடத்துக்கு அவள்தான் குரு. அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளைத் தாயே என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடமில்லை.

"எதுக்குள்ளே?"

"மனசுக்குள்ளே."

"எது வருது?"

"நினைப்பு."

உலகம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன நினைப்பு?"

"சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கல. சொல்லுங்க."

"கண்ணை மூடி உக்காந்தா சீரகத் தண்ணி வாசனை வருது."

உலகம்மை சிரித்தாள்.

"சிரிக்கலன்னீங்களே."

"பொண்ணு வருது, பொன்னு வருதுன்னு சொன்ன ஆளுகளைப் பாத்திருக்கேன். சீரகத் தண்ணியால கெட்டவர் நீங்க ஒருத்தர்தான். வீட்ல காச்சுவாங்களோ?"

"காச்சுவா. எனக்கு வயிறு கொஞ்சம் ஆகாது."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. சொல்ல இருந்தது நிறைய.

கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர். நாச்சியார் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். வரும்போது திருநீறு வாங்கி வரச் சொன்னாள். அது நடந்து மூன்று வருஷம். கோயில் பக்கம் அவர் போகவே இல்லை.

இப்போது அவரிடம் புதிதாக ஒரு துண்டு இருந்தது. காவிக்கல்லைக் கரைத்து அவரே சாயம் தோய்த்தது. வருகிற பௌர்ணமிக்கு அதை உலகம்மை கையால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிவிட்டால் வீடு இல்லை. ஊர் இல்லை. பழைய பேரும் இல்லை.

அதைத்தான் அவர் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவி கட்டப் போகிறவர் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வர வேண்டும். வீட்டில் சரி என்றாலும் சரி, மாட்டேன் என்றாலும் சரி. கேட்டாக வேண்டும்.

"வீட்ல கேட்டீங்களா?"

"வீட்டையே விட்டாச்சு தாயே. யாரைக் கேக்க?"

"காலையில யாரோ வந்தாங்களாமே."

கோமதிநாயகம் ஒரு கீரைக்காம்பை எடுத்து ஒடித்தார்.

வந்தது மாசானம். அவர் ஊர் வண்டிக்காரன். சந்தைக்குப் பருத்தி ஏற்றிக்கொண்டு வரும்போதெல்லாம் மடத்து வாசலில் வந்து நிற்பான். நாச்சியார் ஏதோ சொல்லி அனுப்பியிருப்பாள். என்ன என்று கேட்டால், அண்ணாச்சியிடம்தான் சொல்வேன் என்பான்.

அண்ணாச்சி மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். சமையல்காரர் வெளியே வந்து, "இங்க அப்படி யாரும் இல்லையேப்பா" என்பார். மாசானம் கொஞ்ச நேரம் நிற்பான். போய்விடுவான்.

இன்றைக்கும் அப்படித்தான்.

"என்ன சொல்ல வந்தான்?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா உள்ளே வந்துரும் தாயே. பிறகு வெளிய தள்ள முடியாது."

உலகம்மை கீரையைச் சுளகில் போட்டுத் தட்டினாள்.

"கோட்டை பாத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

"இல்ல."

"மறிச்சான்கோட்டைன்னு ஒண்ணு இருக்கு. பாக்க வேண்டிய மதில். நாளைக்குப் போவோம். உங்க துண்டையும் எடுத்துக்கிடுங்க."

கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம். அங்கே வைத்துக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டார்.

*

நடந்தார்கள். வழியில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. வெயில் அடித்தது.

பின்னால் வண்டி மணிச் சத்தம் கேட்டால் மட்டும் கோமதிநாயகம் மேல்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றார். வண்டி போன பிறகு நடந்தார்.

"வேலியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல தாயே."

"ஓணானா?"

"ஆமா. ஓணான்."

உலகம்மை மேலே கேட்கவில்லை.

மதில் தூரத்திலேயே தெரிந்தது. கிட்டப் போகப் போக வளர்ந்தது. கருங்கல். பழைய மதில் என்றால் இடுக்கில் ஒரு அரசங்கன்றாவது முளைத்திருக்கும். இதில் அதுவும் இல்லை.

பெரிய வாசலில் கதவு இல்லை. கதவு நின்ற குழி மட்டும் இருந்தது. ஆடுகள் போய்வந்துகொண்டிருந்தன.

ஓர் ஆள் வாசலோரம் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். பெயர் வெயிலுமுத்து. வருகிறவர்களுக்கு மதிலைச் சுற்றிக் காட்டுவது அவர் வேலை.

"எங்க இருந்து வாரீக?"

"மடத்துல இருந்து."

"சாமியாருக்கு மதில் எதுக்கு?"

"எனக்கில்ல. இவருக்கு வேணும்," என்றாள் உலகம்மை.

வெயிலுமுத்து கோமதிநாயகத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"இவரைப் பாத்தா ஏவாரி மாதிரில்லா இருக்கு."

"முன்னால இருந்தேன்."

"அது போகாது. நடையில இருக்கு. வாங்க."

முன்னால் நடந்தார். கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"இது பீரங்கிக் குண்டு பட்ட இடம்."

கல்லில் ஒரு தேங்காய் அளவுக்குக் குழி.

"இது யானை முட்டின இடம்."

கோமதிநாயகம் உற்றுப் பார்த்தார். "இங்க ஒண்ணும் இல்லையே?"

"அதைத்தான சொல்லுதேன். யானை முட்டியும் ஒண்ணும் ஆகல."

படியேறி மேலே போனார்கள். மதில்மேல் இரண்டு வண்டி ஒன்றையொன்று கடந்து போகலாம். ஒரு மூலையில் தட்டையான கல் ஒன்று கிடந்தது.

"எங்க ராசா உக்காந்த கல்லு. உக்காருங்க. வாரவங்க எல்லாரும் உக்காருவாங்க."

கோமதிநாயகம் உட்கார்ந்தார். வெளியே வெட்டவெளி. அம்பு பாய்கிற தூரத்தில் ஒரு கிணறு. பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு உயரத்தில் அவர்கள் பேச்சு கேட்கவில்லை. காற்று மட்டும்தான்.

"இந்த மதிலை எவனும் ஏறினது கிடையாது," என்றார் வெயிலுமுத்து. "இடிச்சது கிடையாது. எத்தனையோ பேர் வந்தான். எல்லாப் பயலும் வெளியதான் நின்னான்."

கோமதிநாயகத்துக்கு அந்தக் கல்லைவிட்டு எழுந்திருக்க மனசில்லை.

*

இறங்கி வடக்குப் பக்கம் வந்தார்கள்.

"மத்ததெல்லாம் விடுங்க. பாக்க வேண்டியது இதுதான். திட்டிவாசல்."

வாசல் எதுவும் தெரியவில்லை. ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு மதிலில் ஒரு வடிவம் தெரிந்தது. அந்த இடத்தில் மட்டும் கல் வேறு நிறம். அடியில் தரை நனைந்து பாசி பிடித்திருந்தது.

"பெரிய கதவைச் சாத்தின பிறகும் ஆள் போய்வர ஒரு சின்ன வழி எல்லாக் கோட்டையிலயும் விடுவாங்க. அதுதான் திட்டிவாசல். எங்க கோட்டையில அதையும் அடைச்சாச்சு. அடைச்ச கொத்தனார் எங்க பாட்டனுக்குப் பாட்டன். சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய் போட்டுக் குழைச்ச சாந்து. அடிச்சுப் பாருங்க."

சுவரோரம் ஓர் உளியும் சுத்தியலும் கிடந்தன. வருகிறவர்கள் அடித்துப் பார்ப்பதற்காகவே.

கோமதிநாயகம் உளியை வைத்து அடித்தார். வழுக்கியது. முழங்கை வரை விண்ணென்றது. ஓங்கி இன்னொன்று போட்டார். சுவரில் கீறல் விழவில்லை.

"சபாஷ்," என்றார் வெயிலுமுத்து. சுவரைப் பார்த்து.

கோமதிநாயகம் மூச்சு வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இதுதான் தாயே. இதைத்தான் நான் கேட்டேன். இப்படி ஆயிட்டா போதும்."

"நல்லா பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அப்ப மிச்சத்தையும் கேட்டுக்கிடுங்க." வெயிலுமுத்து பக்கம் திரும்பினாள். "இதை எதுக்கு அடைச்சாங்க?"

"முற்றுகைன்னா அடைக்கத்தான செய்வாங்க."

"முன்னால வந்த முற்றுகையில எல்லாம் அடைக்கலையே."

வெயிலுமுத்து வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார்.

"நல்லதண்ணிக் கிணறு வெளியல்லா இருக்கு. உள்ளே எங்க தோண்டினாலும் உப்பு. பொம்பளையாளுக இது வழியாத்தான் போயி எடுத்துட்டு வருவாக."

"எதிரி சும்மா பாத்துக்கிட்டு இருப்பானா?"

"அவனும் அதுலதான குடிக்கணும். குடத்தோட வாரவளைத் தொட்டா கையை வெட்டுவேன்னு அவங்க தளபதி சொல்லிட்டானாம். விடியக்காலம் இவங்க எடுப்பாங்க. வெயில் ஏறினா அவங்க எடுப்பாங்க. அப்படியே ஓடிக்கிட்டு இருந்துச்சு."

"பிறகு?"

"ஒரு நாள் தண்ணியோட ஒரு பேச்சும் உள்ளே வந்துருச்சு. கப்பத்துல பாதி கொடுங்க, நான் போயிருதேன், உக்காந்து பேசுவோம்னு அந்தத் தளபதி ஒருத்திகிட்டச் சொல்லிவிட்டான். எங்க ராசா ரோசக்காரர். இன்னைக்குப் பேச்சு வரும், நாளைக்கு ஆள் வரும், அடைச்சிருங்கன்னுட்டார்."

கோமதிநாயகம் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்லியிருக்கார்."

"சரிதான? எங்க பாட்டன் அடைச்சார். சாந்து குழைக்கத் தண்ணி வேணும். உள்ளே ஒரு தெப்பம் இருந்துச்சு. மழைத்தண்ணி பிடிச்சு வச்சது. அதுல மோந்தாங்க. சரி, அடைச்சா மட்டும் போதுமா? நனைக்கணும். காலையும் மாலையும் நனைச்சாத்தான் சாந்து இறுகும். எங்க பாட்டன் வேலையில குறை வைக்க மாட்டார். குடம் குடமா ஊத்தி நனைச்சார். அந்த உறுதிதான் இது."

"நனைச்சது எந்தத் தண்ணி?"

"தெப்பத் தண்ணிதான். வேற எங்க இருக்கு?"

"குடிக்கிறதுக்கு?"

ஆடு ஒன்று வந்தது. தரையில் இருந்த ஈரத்தை நக்கியது. வெயிலுமுத்து அதை விரட்டவில்லை.

"சித்திரை மாசம் பாருங்க," என்றார். "தெப்பம் வத்திப்போச்சு. திட்டிவாசலைத் தொறங்கன்னு பொம்பளையாளுக கூப்பாடு போட்டாக. பச்சப்பிள்ளைகளுக்கு வாயில ஈரம் இல்ல. ராசாவும் சரின்னுட்டார். எங்க பாட்டனே உளியோட வந்து அடிச்சார். இறங்கல."

"இறங்கலையா?"

"நீங்களும்தான அடிச்சீக?"

கோமதிநாயகம் கையில் இன்னும் உளி இருந்தது. கீழே வைத்தார்.

"பெரிய கதவைத் தொறந்தாங்க. வேற என்ன செய்ய? சண்டை போடத் தெம்புள்ள ஆள் ஒருத்தன் இல்ல. முதல்ல உள்ளே வந்தவன் கையில வாள் இல்லையாம். தோல்பையாம். கிடந்தவங்க வாயில எல்லாம் தண்ணி ஊத்தியிருக்கான். கொஞ்சம் பேர் பிழைச்சாங்க."

"ராசா?"

"அவர் குடிக்கல. எதிரி கைத்தண்ணி வேண்டாம்னுட்டார். மேல போயி உக்காந்துக்கிட்டார்."

"எங்க?"

"நீங்க உக்காந்தீகளே, அந்தக் கல்லுலதான். கிணத்தைப் பாத்தாப்புலயே போயிட்டார்."

கோமதிநாயகம் மதிலை அண்ணாந்து பார்த்தார்.

வெயிலுமுத்து சுவரைத் தட்டிக் கொடுத்தார்.

"ஆனா ஒண்ணு. கட்டடத்துல குத்தம் சொல்ல முடியாது."

*

"எனக்குத் தாகமா இருக்கு," என்றாள் உலகம்மை. "கிணறு எங்க?"

"வெளியதான். அது எங்க போகும்?"

போனார்கள்.

மேலே இருந்து பார்த்த கிணறு பக்கத்தில் பெரிதாக இருந்தது. ஒரே சத்தம். குடம் மோதுகிற சத்தம், ராட்டினச் சத்தம், பெண்கள் பேச்சு. கொஞ்சம் தள்ளிப் புளியமரத்தடியில் வண்டிகள் நின்றன. தெற்கே, கோமதிநாயகத்தின் ஊர்ப் பக்கம் போகிற வண்டியெல்லாம் அங்கே நின்று மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் போகும்.

கோமதிநாயகம் குனிந்து இரண்டு கையையும் ஏந்தினார். ஒருத்தி ஊற்றினாள். மாடத்தி என்று பேர். மடத்துத் தண்ணீர் கரிக்கும். இது இனித்தது. போதும் என்று சொல்லாமல் குடித்தார்.

"மூச்சு விட்டுக் குடிங்க பெரியவரே. கிணறு எங்கயும் ஓடிராது," என்றாள் மாடத்தி. பிறகு கேட்டாள். "சுவத்துல அடிச்ச சத்தம் கேட்டுச்சே. யாரு அடிச்சது?"

உலகம்மை கையைக் காட்டினாள்.

"அப்ப ஒரு குடம் ஊத்தணும்."

"எங்க?"

"திட்டிவாசல்லதான். சுவத்துல உளி வச்சவங்க ஒரு குடம் தண்ணி கொண்டுபோய் ஊத்திட்டுத்தான் ஊருக்குப் போகணும். இங்க வழக்கம் அது. நாங்களும் அன்னாடம் முதல் குடத்தை அங்கதான் ஊத்துதோம்."

"எதுக்கு?"

"தவிச்ச வாயோட போனவங்களுக்கு. வெயிலுமுத்து அண்ணன் சுவரு இறுகன்னு சொல்லும். அதுக்குச் சுவரு ஒண்ணுதான் தெரியும்."

கோமதிநாயகம் குடத்தைப் பார்த்தார். பெரிய செப்புக்குடம்.

"கையில தூக்கிட்டுப் போறேன்."

"போய்ச் சேர்றதுக்குள்ள பாதித் தண்ணி வேட்டியில இருக்கும். தலையில வைங்க."

"எனக்குப் பழக்கமில்லம்மா."

"உளி பிடிச்சு மட்டும் பழக்கமோ?"

கிணற்றைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"சும்மாடு வேணும்லா," என்றாள் ஒருத்தி. "வெறுந்தலையில வச்சா பெரியவர் மண்டை தாங்காது."

தலைக்கும் குடத்துக்கும் நடுவே வைக்க ஒரு துணி வேண்டும். உலகம்மை அவருடைய மூட்டையை அவிழ்த்தாள். காவித் துண்டை எடுத்தாள். முறுக்கினாள். வளையமாகச் சுற்றினாள்.

"தாயே, அது..."

"குனிங்க."

குனிந்தார். சும்மாடு தலையில் ஏறியது. அதன்மேல் குடம் ஏறியது. நிறைகுடம்.

உலகம்மை கையால் காவி வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. வாங்கியாயிற்று.

"ரெண்டு கையாலயும் பிடிங்க," என்றாள் மாடத்தி. "நேரா பாருங்க. கழுத்தைத் திருப்பினா குடம் போயிரும்."

நடந்தார். உலகம்மை பின்னால் வந்தாள். பாதை வண்டிகளை ஒட்டிப் போனது.

புளியமரத்தடியில் ஒரு மணி அசைந்தது. ஒற்றை மணி. கொஞ்சம் ஓட்டையான சத்தம். அந்த மணியை வாங்கி அந்த மாட்டின் கழுத்தில் கட்டியவர் அவரேதான்.

ஒளிய இடமில்லை. இரண்டு கையும் குடத்தில். மேல்துண்டை இழுத்து மூட முடியாது. முகத்தைத் திருப்பவும் முடியாது.

மாசானம் நிமிர்ந்து பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கோமதிநாயகம் இரண்டு எட்டு வைத்தார். அப்படியே போயிருக்கலாம். அவன் தடுத்திருக்க மாட்டான்.

நின்றார்.

"மாசானம்."

அவன் மாட்டின் முதுகைத் தடவினான்.

"நான்தான்டே."

மாசானம் மாட்டிடம் சொன்னான். "அண்ணாச்சின்னு யாரும் இல்லைன்னுல்லா மடத்துல சொன்னாக. இல்லாத ஆள் கிணத்தடிக்கு எப்படி வருவாக?"

குடம் ஆடியது. தண்ணீர் தளும்பிச் சும்மாட்டை நனைத்தது. புதுச் சாயம். நெற்றி வழியாகச் சிவப்பாக இறங்கியது.

மாசானம் திரும்பினான். பதறி ஓடிவந்தான்.

"அய்யய்யோ, அண்ணாச்சி! மண்டையில அடியா?"

"சாயம்டே. ஒண்ணுமில்ல."

"துடைச்சுவிடட்டா?"

"வேண்டாம்." குடத்தை நேராக்கினார். "அவ என்ன சொல்லிவிட்டா?"

கேட்டுவிட்டார்.

ஏசியிருப்பாள். அழுதிருப்பாள். எந்தக் கோயிலுக்குப் போனீர்கள், திருநீறு எங்கே என்று கேட்டிருப்பாள். மூன்று வருஷமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் எடுத்து அடுக்கி வைத்திருந்தார்.

"ஆச்சி பெரிசா ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. எப்பவும் ஒரே கேள்விதான்."

"எப்பவும்னா?"

"ஒவ்வொரு நடையும்தான். அங்க தண்ணி ஒத்துக்குதான்னு கேட்டுட்டு வா மாசானம். அவ்வளவுதான் சொல்லுவாக. நான் திரும்பிப் போயி, ஆளைப் பாக்க முடியலன்னு சொல்லுவேன். சரி, அடுத்த நடை கேட்டுட்டு வான்னு சொல்லிட்டு உள்ள போயிருவாக."

கோமதிநாயகம் குடத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப என்னன்னு போய்ச் சொல்லட்டும்?" என்றான் மாசானம்.

அவர் உலகம்மையைத் திரும்பிப் பார்க்க முயன்றார். கழுத்து திரும்பவில்லை.

"கேட்டது என்கிட்ட இல்ல அண்ணாச்சி," என்றாள் அவள் பின்னால் இருந்து. "சீக்கிரம் சொல்லுங்க. குடம் கனக்கும்."

காவி கன்னத்தில் இறங்கி உதட்டில் பட்டது. துவர்த்தது.

"ஒத்துக்கலைன்னு சொல்லு," என்றார்.